ஊறிப்போன டயானா 35 காற்றுத் துப்பாக்கி: ஸ்பிரிங் மாற்றப் போய் தோல் வாசரில் முடிந்த வேலை

நேற்று சாயங்காலம் க்ரோனோகிராஃபை (வேகம் அளக்கும் கருவி) வைத்து வரிசையாகப் பத்து பெல்லெட் (சின்ன ஈயக் குண்டு) விட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 193 மீட்டருக்குக் கீழே ஒன்றும் இறங்கவில்லை, 199ஐத் தாண்டி ஒன்றும் ஏறவில்லை. என் கைக்கு வந்தபோது இதே துப்பாக்கி 110க்கும் 140க்கும் நடுவில் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது, அதனால் வேலை முடிந்தது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம். ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுகிறேன். கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய ஸ்பிரிங் ஏர் ரைஃபிளைப் பரணில் போட்டுவிட்டு "அவ்ளோதான், போயிடுச்சு" என்று இருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள்.

துப்பாக்கி டயானா 35. ஜெர்மனியில் ராஸ்டாட் என்ற ஊரில் மேயர் அண்ட் கிராமெல்ஸ்பாக்கர் கம்பெனி செய்தது, 4.5 மிமீ குழல். குழலைக் கீழே மடக்கினால் உள்ளே பிஸ்டனோடு ஸ்பிரிங் அழுந்திப் பூட்டிக்கொள்ளும், ட்ரிக்கரை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தி பெல்லெட்டைத் தள்ளும். வில்லைத் தூக்கி எறிந்துவிட்டு ரைஃபிளைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருக்கும் டயானா தேவதை முத்திரை சிலிண்டர் மேல் இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். பின்பக்கம் கட்டையை (மரப் பிடி) ஒட்டிப் பொடி எழுத்தில் செய்த மாதமும் வருடமும் அடித்திருப்பார்கள், இதில் வருடம் 74. என் மனைவியின் பெரியப்பாவுடையது, நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அவருடைய அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியபோது பெட்டியோடு வந்த சாமான்களில் இதுவும் ஒன்று.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அப்போது கீழ் அலமாரிக்குள் தண்ணீர் போயிருக்கிறது. தண்ணீரைவிட அதிகக் கெடுதல் செய்தது கேன்வாஸ் பை. வீடெல்லாம் காய்ந்த பிறகும் பை மட்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் இரும்பைத் தின்றிருக்கிறது. அப்புறம் வீட்டுப் பையன் ஒருத்தன் நல்ல எண்ணத்தில் தையல் மெஷின் எண்ணெயைக் குழலின் பின்வாய் வழியாகத் தாராளமாக ஊற்றியிருக்கிறான். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

"மாப்ள, இத நல்லா நவீனமா பண்ணிக் குடுங்க, பேத்தி பழகணும்ங்கறா" என்றார் மாமா. துப்பாக்கிச் சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில் என்று தெரிந்ததில் இருந்து அந்தப் பெண்ணுக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள்தான் பேச்சு. போட்டிக்கு இந்த ஸ்பிரிங் துப்பாக்கி உதவாது, அங்கே எல்லாம் அழுத்தக் காற்று நிரப்பிய சிலிண்டர் வைத்த ரைஃபிள், பத்துப் புள்ளி என்பதே அரை மில்லிமீட்டர் பொட்டு. ஆனால் பிடிக்க, மூச்சை நிறுத்த, ட்ரிக்கரை இழுக்கப் பழக இது போதும். அதனால் "நவீனம்" என்றால் எனக்கு வேகம் இல்லை. பதினைந்து வயதுப் பெண் மடக்க முடிய வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சுட வேண்டும், அவ்வளவுதான். மாமாவுக்கு மட்டும் வேகத்தின் மேல்தான் கண்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மிமீ வரையிலும், பெல்லெட் வெளியேறும் சக்தி 20 ஜூல் வரையிலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். இந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் 12 ஜூலைத் தொடக்கூட இல்லை. சுட்டது காகிதமும் தகரமும் மட்டும்தான். ஊசுட்டேரிப் பக்கம் கொக்கு சுட என்று யாராவது கேட்டால் நான் கழற்றிக்கூடப் பார்க்க மாட்டேன்.

கழற்றுவதில் கட்டை சுலபம். முன்பக்கம் இரண்டு திருகு, ட்ரிக்கர் கார்டில் ஒன்று. முன் திருகு இரண்டும் துருவில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. சால்டரிங் அயர்னைத் தலையில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடாக்கி, வாய்க்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி தேய்த்த ஸ்க்ரூ டிரைவரைப் போட்டதும் வந்துவிட்டது. கடையில் வாங்குகிற ஆப்பு வடிவ ஸ்க்ரூ டிரைவரை அப்படியே போட்டால் தலை சிதைந்துவிடும். நுனியின் இரண்டு பக்கமும் இணையாக இருக்கும்படி அரம் போட்டுக்கொள்ளுங்கள்.

சிலிண்டருக்குப் பின்னால் ட்ரிக்கர் பாகத்தை இரண்டு பின் பிடித்திருக்கும். அவற்றை வெறுங்கையோடு தட்டி எடுக்கவே கூடாது, உள்ளே ஸ்பிரிங் ஏற்கெனவே அழுந்தித்தான் உட்கார்ந்திருக்கிறது, விட்டால் முகத்துக்கு வரும். ஒரு மீட்டர் நீளச் சவுக்குச் சட்டத்தில் ஒரு முனையில் முட்டுக்கட்டை, மறுமுனையில் கார்பென்டர் கிளாம்ப்பின் திருகு, இதுதான் என் ஸ்பிரிங் அமுக்கி. செலவு எதுவும் இல்லை. பின்னை எடுத்ததும் மெதுவாகத் திருகைத் தளர்த்த, ட்ரிக்கர் பாகம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் வந்தது.

இந்த டயானாவின் அழகே ட்ரிக்கரில்தான் இருக்கிறது. கொக்கி மாதிரி எதுவும் பிஸ்டனைப் பிடிப்பதில்லை. பிஸ்டன் தண்டின் முனையில் ஒரு பள்ளம், அதைச் சுற்றி ஒரு சின்ன உறை, உறையில் மூன்று துளை, மூன்றிலும் எஃகுக் குண்டு. வெளி உறை முன்னால் வந்து மூடும்போது குண்டுகள் உள்ளே நெருக்கிப் பள்ளத்தில் உட்கார்ந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும். ட்ரிக்கரை இழுத்தால் வெளி உறை விலகும், குண்டுகள் வெளியே ஒதுங்கும், பிஸ்டன் பாயும். அதனால்தான் ஐம்பது வருடத்துக்குப் பிறகும் இழுவை அவ்வளவு மென்மை. கழற்றும்போது அடியில் பழைய வேட்டியை விரித்துக்கொண்டேன், குண்டு டைல்ஸ் தரையில் விழுந்தால் பீரோவுக்கு அடியில்தான் தேட வேண்டும். ட்ரிக்கரில் நான் செய்தது பெட்ரோலில் கழுவியதும், உறைகளுக்குக் கொஞ்சம் மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் வைத்ததும் மட்டும்தான். மூன்று குண்டையும் அதனதன் துளையில் கெட்டி கிரீஸ் வைத்து ஒட்டிவிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் ஒன்று நழுவும்.

உள்ளே பார்த்தபோது ஸ்பிரிங் இரண்டு துண்டு. உடைந்த இடம் பழைய துருவோடு இருந்ததால் புயலுக்கு வெகு முன்பே உடைந்திருக்க வேண்டும். பிஸ்டன் தலையில் காற்று கசியாமல் அடைக்கும் தோல் வாசர், பையன் ஊற்றிய எண்ணெயில் ஊறி விளிம்பு கருகியிருந்தது. தாது எண்ணெய் சிலிண்டருக்குள் இருந்தால், பிஸ்டன் காற்றை அழுத்தும் சூட்டில் டீசல் எஞ்சின் மாதிரி பற்றிக்கொள்ளும். படார் என்று சத்தம், குழலில் புகை, அந்த ஒரு பெல்லெட் மட்டும் வேகமாகப் போகும், அடுத்தது சொதப்பும். 110 முதல் 140 வரை ஆடியதற்குப் பாதிக் காரணம் இந்த எண்ணெய்தான். சிலிண்டர் சுவரில், முன்பக்கம் நாலு சென்டிமீட்டருக்குத் துருப் புள்ளிகள், நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படுகிற ஆழம். உள் விட்டம் காலிப்பரில் 28 மிமீ.

ஸ்பிரிங் ஆன்லைனில் 1,100 ரூபாய். "அதிக சக்தி" என்று போட்டிருந்ததை மாமாதான் ஆர்டர் செய்தார். 3.5 மிமீ கம்பி, 38 சுற்று. போட்டு மடக்கினால் ட்ரிக்கர் பிடிக்கவில்லை. முதலில் குண்டுகள் மேல் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினேன், பிறகுதான் கணக்கே போட்டேன். 38 சுற்றை 3.5ஆல் பெருக்கினால் 133 மிமீ. சுற்றோடு சுற்று முழுக்க ஒட்டினாலும் அந்த நீளத்துக்குக் கீழே ஸ்பிரிங் அமுங்காது. பிஸ்டன் பூட்டுகிற நிலையில் உள்ளே இருக்கும் இடம் அளந்தால் 126 மிமீ. எப்படிப் பூட்டும்? ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்னால் இந்தப் பெருக்கலைப் போட்டுவிடுங்கள், பாதித் தலைவலி போய்விடும்.

ஐந்து சுற்றைக் கட்டிங் வீலில் வெட்டினேன். மீதி 33 சுற்று, ஒட்டினால் 115.5 மிமீ. வெட்டிய முனையைக் காஸ் டார்ச்சில் கடைசி முக்கால் சுற்று மட்டும் சிவக்கும்படி காய்ச்சி, இரும்புத் தகட்டில் அழுத்தித் தட்டையாக்கி, தானாக ஆறவிட்டு, கிரைண்டரில் சமப்படுத்தி, ஓரத்தை எமரியில் மழுக்கினேன். முனை சாய்ந்திருந்தால் ஸ்பிரிங் உள்ளே கோணிக்கொண்டு சிலிண்டரைத் தேய்க்கும், சுட்டதும் ட்ர்ர்ர் என்று ஒரு நடுக்கம் கன்னத்தில் தெரியும். சூட்கேஸ் எடை பார்க்கும் தொங்கு தராசைக் குழல் நுனியில் மாட்டி இழுத்ததில், வெட்டிய பிறகு மடக்க 13 கிலோ இழுவை. பெண் ஒரு தடவை மூச்சுப் பிடித்து இழுத்தாள், அடுத்த தடவை சாதாரணமாகவே மடக்கிவிட்டாள்.

அடுத்து வாசர். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த சீல் நவீனமானது, தோலைவிட மேல் என்று எல்லாரும் சொல்வதால் 700 ரூபாய் கொடுத்து 28 மிமீக்கு ஒன்று வாங்கியாயிற்று. சிலிண்டரின் அடியில் மடக்கும் கம்பி ஓட ஒரு நீளப் பிளவு இருக்கும், அதன் ஓரம் கத்தியாக இருந்தால் சீலை உள்ளே தள்ளும்போதே சீவிவிடும் என்பதால் அரை வட்ட அரத்தாலும் 400 நம்பர் எமரியாலும் ஓரத்தை மழுக்கித்தான் போட்டேன். பெட்ரோல் விட்டு உள்ளே சுத்தமாகத் துடைத்து, பிரேக் பட்டறையில் இரவல் வாங்கிய வீல் சிலிண்டர் ஹோனை (உட்சுவரைத் தேய்க்கும் கருவி) ட்ரில்லில் மாட்டி லேசாகத் தேய்த்தும் இருந்தேன். சராசரி வேகம் 171 வந்தது, சுமார் 7.7 ஜூல். மோசமில்லை. ஆனால் நூறு பெல்லெட்டுக்குள் 150க்கு இறங்கிவிட்டது. கழற்றினால் சீலின் உதட்டில் ஒரே பக்கம் வரி வரியாகக் கீறல், நேராக அந்தத் துருப் பள்ளங்கள் இருக்கும் பக்கம்.

ஹோனை இன்னும் போட்டுப் பள்ளம் போகும்வரை தேய்க்கலாமே என்று லேத் அண்ணனிடம் கேட்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பட்டறை வைத்திருக்கிறார், மோட்டார் பம்பு வேலைதான் அதிகம். டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு, "தம்பி, இது போற அளவுக்கு தேச்சா ஓட்ட பெருசாயிடும், அப்புறம் எந்த சீலும் நிக்காது. அடிபம்புக்கு என்ன போடுவோம்? தோல்தானே? தோலு பள்ளத்துல படிஞ்சுக்கும்" என்றார். ஜெர்மன்காரன் 74இல் போட்டு அனுப்பியதும் அதைத்தானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இங்கே கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், இதற்குத்தான் எங்கேயும் சரியான அளவு கிடைக்கவில்லை. சைக்கிள் கடைப் பம்பு வாசர் தயாராகக் கிண்ணம் போலவே கிடைக்கும், ஆனால் தோல் மெல்லிசு, கையில் பிசைந்தாலே மடிகிறது. செருப்புத் தைப்பவரிடம் 3 மிமீ கனமான, அடித்தோலுக்கு வைத்திருக்கும் தாவரத் துவர் ஏற்றிய மாட்டுத்தோல் துண்டு 120 ரூபாய்க்கு வாங்கினேன். குரோம் ஏற்றிய மென்தோல் வடிவம் நிற்காது. லேத் அண்ணன் ஒரு அச்சு கடைந்து கொடுத்தார். பெண் அச்சில் 28.4 மிமீ குழி, 9 மிமீ ஆழம். ஆண் அச்சு 22.6 மிமீ, விளிம்பு உருட்டியது. நடுவில் 6 மிமீ போல்ட் ஓடத் துளை. தோலை 42 மிமீ வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி வருவது நிற்கும்வரை ஊறப்போட்டு, அச்சுகளுக்கு நடுவே வைத்து நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் தோல் மடிந்து கிண்ணமாகிறது. அவசரப்பட்டு முறுக்கினால் விளிம்பில் சுருக்கம் விழும், சுருக்கம் விழுந்தது விழுந்ததுதான். வெயிலில் வைக்காமல் நிழலில் மூன்று நாள் அச்சோடேயே காயவிட்டேன். காய்ந்ததும் அச்சில் இருக்கும்போதே விளிம்பைச் சவரப் பிளேடால் சமமாக வெட்டினால் உதடு நேர்க்கோட்டில் வரும்.

காய்ந்த கிண்ணம் கட்டை மாதிரி இருக்கும். மாட்டுக் கொழுப்பையும் தேன்மெழுகையும் சரிபாதி உருக்கி, விரல் வைக்க முடிகிற சூட்டில் அதில் முக்கி எடுத்தேன். எண்ணெயாக ஊற்றினால் மறுபடியும் டீசல் கதைதான், இது உள்ளேயே ஊறி நின்றுவிடுகிறது. பிஸ்டனில் மாட்டி, கையால் சிலிண்டருக்குள் தள்ளி, காற்று வெளியேறும் துளையைக் கட்டைவிரலால் மூடிப் பார்த்தால் பிஸ்டன் மெத்தென்று எதிர்த்துத் தள்ளியது. பாலியூரித்தேன் சீலில் இது நடக்கவே இல்லை. பிஸ்டனின் பக்கங்களில் மாலி கிரீஸ் லேசாக, வாசருக்கு முன்னால் சொட்டுக்கூட எதுவும் இல்லை. முதல் இருபது பெல்லெட் கொஞ்சம் புகைந்தது, 180ஐ ஒட்டி ஓடியது, அப்புறம் தோல் படியப் படிய ஏறி 196இல் நின்றுவிட்டது. 0.53 கிராம் பெல்லெட்டுக்கு அது 10 ஜூல் சொச்சம். அதே வெட்டிய ஸ்பிரிங், அதே 13 கிலோ இழுவை. மாமா வாங்கிய முழு ஸ்பிரிங்கில் ஒளிந்திருப்பதாக நினைத்த வேகம் முழுக்க வாசரைச் சுற்றிக் கசிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

குழல் மடங்குகிற வாயில் இருக்கும் சின்ன சீலும் தோல்தான். அதே துண்டில் இருந்து வட்டம் வெட்டி, மேல் பரப்பு கால் மில்லிமீட்டர் துருத்தும்படி வைத்தேன். சிகரெட் தாளை வாயின் மேல் வைத்துச் சுட்டுப் பார்த்தால் தாள் அசையக்கூடாது. அசையவில்லை.

இனி துரு. குழலையும் சிலிண்டரையும் எமரி போட்டு வெள்ளையாக்கிவிட்டால் இந்த உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் மறுபடி சிவக்கும், பழைய முத்திரையும் தேய்ந்துபோகும். அதனால் கொதிக்கவைத்தேன். சிவப்புத் துருவைக் கொதிநீரில் அரை மணி வைத்தால் கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது, மேலே உதிர்வதை மெல்லிய ஸ்டீல் வுல்லில் துடைத்தால் அடியில் கறுப்பு நிற்கும். நாலு சுழி (0000) நம்பர் ஸ்டீல் வுல் வேண்டும், பாத்திரம் தேய்க்கும் கம்பி கீறிவிடும். தகரப் பட்டறையில் 75 செ.மீ. தொட்டி ஒன்று அடிக்கச் சொன்னேன், 450 ரூபாய். இரண்டு காஸ் அடுப்பின் மேல் வைத்து, கேன் தண்ணீர் ஊற்றினேன், எங்கள் கடலூர் முதுநகர் போர் தண்ணீரில் கொதிக்கவைத்தால் உப்புப் படிவம்தான் மிச்சம். குழலின் இரண்டு முனைக்கும் மர ஆப்பு. கொதி, துடை, மறுபடி கொதி. ஆழமான புள்ளிகள் தெரியத்தான் செய்கின்றன, ஆனால் அவையும் கறுப்பாகி அடங்கிவிட்டன. சூடாக இருக்கும்போதே எண்ணெய் தடவிவிட வேண்டும்.

கட்டை பீச் மரம். முன் திருகுத் துளை ஒன்றில் இருந்து விரிசல் ஓடியிருந்தது. விரிசலைத் திறந்து, ஹேர் டிரையரில் சூடாக்கிய எபாக்சியை ஓடவிட்டு, சைக்கிள் ட்யூப் பட்டையால் இறுக்கிக் கட்டினேன். திருகு மரத்தையே நசுக்குவதால்தான் விரிசல் வருகிறது, அதனால் இரண்டு துளைக்கும் பித்தளைக் குழாய் கடைந்து பதித்தாயிற்று. அச்சுக்கும் இதற்கும் சேர்த்து லேத் கூலி 800. தச்சர் பிரெஞ்சு பாலிஷ்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்தார், பளபளவென்று இருக்கும்தான், ஆனால் வியர்வைக் கை படப்பட வெளுக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன், மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவைத்துத் தூக்கி எறியுங்கள்.

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை மாமா ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார், மாட்டி ஒரு டப்பா முடிவதற்குள் உள்ளே கூட்டல் குறி சாய்ந்துவிட்டது. ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் இழுக்கும், அந்த இரண்டாவது உதையைத் தாங்கும்படி செய்த ஸ்கோப் வேண்டும். 10 மீட்டருக்குத் தெளிவு கூட்டக்கூடிய 4x32, ஒரே துண்டு மவுண்ட், சேர்த்து 4,600. மாட்டினால் உயரத் திருகு முழுக்கத் திருப்பியும் பெல்லெட் நாலு சென்டிமீட்டர் கீழேயே விழுந்தது. குழல் ஸ்கோப் கோட்டைவிடக் கொஞ்சம் குனிந்தே நிற்கும், மடக்குக் குழல் டயானாக்களில் இது சகஜம். குளிர்பானக் கேன் தகட்டைப் பட்டையாக வெட்டிப் பின் வளையத்துக்கு அடியில் மூன்று அடுக்கு வைத்ததும் நடுவுக்கு வந்துவிட்டது.

பெல்லெட்டைத் தெரிந்த நகை ஆசாரி ஒருவரின் தராசில் போட்டுப் பார்த்தேன். மலிவு டப்பாவில் 460 மில்லிகிராமில் இருந்து 550 மில்லிகிராம் வரை இருந்தது, ஜெர்மன் டப்பாவில் எல்லாம் 530ஐ ஒட்டியே. 10 மீட்டரில், முட்டுக்கொடுத்து, மலிவில் பத்து துளையும் 31 மிமீக்குள், ஜெர்மனில் 13 மிமீக்குள்.

ஸ்கோப் தவிர்த்துச் செலவு: ஸ்பிரிங் 1,100, வீணான சீல் 700, தோல் 120, லேத் 800, தொட்டி 450, கிரீஸ் 380, ஆளிவிதை எண்ணெய் 320, ஸ்டீல் வுல் 200, எபாக்சி 150. ஆக 4,220 ரூபாய். இன்னொன்று வந்தால் சீலை வாங்கவே மாட்டேன், நேராகத் தோல்தான், ஆண் அச்சை மட்டும் 22.2 ஆக்கிவிடுவேன், 3 மிமீ தோலுக்கு இப்போதைய இடைவெளி கொஞ்சம் இறுக்கம். தொட்டியையும் 90 செ.மீ. அடிப்பேன், சிலிண்டரைக் கோணலாக வைத்துக் கொதிக்கவைத்ததில் ஒரு முனை இன்னும் கொஞ்சம் பழுப்பாகவே இருக்கிறது. கேன்வாஸ் பையை மாமா தர மறுத்தார், அப்பா பெயர் எழுதியது என்று. பை சுவரில் தொங்கட்டும், துப்பாக்கி அதற்குள் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். முன் திருகு இரண்டையும் ஒவ்வொரு ஞாயிறும் இறுக்கிப் பார்க்கும் வேலை பேத்தியுடையது.